மங்கல் கண்ணாடியும் ஐந்து திருத்தங்களும்

பிப்ரவரி 3

1. இதை எழுதுபவன் ஐம்பத்து மூன்று வயதினன். கிரயப் பத்திரம், உயில் ஆகியவற்றை வரைந்து பிழைக்கும் வழக்கறிஞன்.
2. இரண்டு நாட்களாகக் காய்ச்சல், இருமல். எனினும் சுயநினைவுடன் எழுதுகிறேன்.
3. எவருடைய தூண்டுதலும் இன்றி எழுதுகிறேன். "எழுதினது போதும், படுங்க" என்ற மனைவியின் தூண்டுதலுக்கு மாறாகவே எழுதுகிறேன்.

இன்று மூக்கில் குச்சியை விட்டு இன்ஃப்ளூயன்ஸா சோதனை செய்தார்கள். நெகட்டிவ். சான்றிட்ட நகல் கேட்டேன். டாக்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"இந்த டெஸ்ட் சில சமயம் கோட்டை விட்டுடும் சார். உங்களப் பாத்தா ஃப்ளூ மாதிரிதான் இருக்கு. மாத்திரைய இன்னிக்கே ஆரம்பிச்சுடலாம்."

சோதனையே 'நோய் இல்லை' என்று சொன்ன பிறகு, சந்தேகத்தின் பேரில் மட்டும் எப்படி மருந்து தரலாம் என்று வினவினேன். சந்தேகத்தின் பலனை எனக்கே அளித்துக்கொண்டு, மாத்திரையை மறுத்து வெளியேறினேன்.

கூட வந்த குமாஸ்தா படியிறங்கும்போது சொன்னார்: "ஐயா, ஜெயிச்சுட்டீங்க. ஆனா எதிர்க்கட்சி யாருன்னுதான் புரியல."

பிப்ரவரி 4

காய்ச்சல் 102. தீர்ப்பில் மாற்றமில்லை.

பிப்ரவரி 5

மாடிப்படி பதினான்கு. ஒன்பதாவதில் உட்கார்ந்துவிட்டேன்.

மனைவி விரலில் மாட்டும் கருவியைக் கொண்டு வந்தாள். ஆக்ஸிஜன் 90. கருவியின் நம்பகத்தன்மையை ஆட்சேபித்தேன். அதைக் கழற்றித் தன் விரலில் மாட்டிக் காட்டினாள். 98. அவ்வளவு சுருக்கமான வாதத்தை நான் நீதிமன்றத்தில் கேட்டதில்லை.

மருத்துவமனை. எக்ஸ்ரேயில் பெரிதாக எதுவும் தெரியவில்லை என்றார் அதே டாக்டர். "ஆனா உங்க மூச்சு வேற சொல்லுது. நெஞ்சுக்கு சி.டி. எடுத்துடலாம்."

ஸ்கேன் அறை வாசலில் நான்கு பக்கச் சம்மதப் படிவம் தந்தார்கள். "எல்லா விளைவுகளுக்கும் நானே பொறுப்பு" என்றிருந்தது. எல்லா விளைவுகளுக்குமா? நிலநடுக்கம் வந்தால்? 'எல்லா' என்பதை அடித்து, ஓரத்தில் சுருக்கொப்பம் இட்டேன். இரண்டாவது திருத்தம். மூன்றாவது.

ஸ்கேன் எடுப்பவர் எட்டிப் பார்த்தார். "சார், நீங்க பொறுமையா திருத்துங்க. அதுக்குள்ள அடுத்தவர எடுத்துடறேன்."

இருவர் என்னை முந்திச் சென்றனர். ஐந்தாவது திருத்தத்தில் எழுத்துகள் எறும்புபோல் ஊர்ந்தன, பேனா நழுவியது.

மனைவி அதை எடுத்தாள். "கையெழுத்துப் போடுங்க. இல்லன்னா நான் போட்டுடறேன்."

"உனக்கு அதிகாரம் கிடையாது."

"இருபத்தாறு வருஷமா இருக்கு. இன்னிக்குத்தான் எடுக்கறேன்."

போட்டேன்.

உள்ளே இயந்திரம் பேசியது: மூச்சை இழுத்துப் பிடியுங்கள். மூச்சு விடாமல் இரண்டு மணி நேரம் வாதிடுபவன் என்று பெயரெடுத்தவன் நான். மூன்று நொடிகூடத் தாங்கவில்லை.

பிப்ரவரி 6

வார்டு. டாக்டர் படத்தைக் காட்டினார். நுரையீரல் கறுப்பாகத் தெரிய வேண்டுமாம். இரண்டு பக்கமும் அங்கங்கே வெளிறிய மங்கல். என் அலுவலக அறைக் கதவில் பதித்திருக்கும் மங்கல் கண்ணாடியேதான். கட்சிக்காரர்கள் உள்ளே பார்க்கக் கூடாதென்று நான் கேட்டு வாங்கியது. இப்போது உள்ளேயும் பதித்திருக்கிறேன்.

அறிக்கை: "வைரஸ் நிமோனியாவாக இருக்கக்கூடும். இன்ஃப்ளூயன்ஸா காரணமாகலாம். பிற காரணங்களை விலக்க இயலாது." இத்தகைய வாக்கியங்களை எழுதித்தான் வீடு கட்டினேன். அவற்றின் அடியில் படுத்திருப்பது வேறு அனுபவம்.

"உறுதியாகச் சொல்ல முடியாதா?"

"படம் பேரச் சொல்லாது சார். ஆள் எப்படி இருப்பான்னு அடையாளம் சொல்லும். பேருக்காக மூக்குல ஆழமா மறுபடி எடுத்து அனுப்பியிருக்கோம். அது வர்ற வரைக்கும் நான் காத்திருக்கப் போறதில்ல. மாத்திரைய விழுங்குங்க." பிறகு, தாழ்ந்த குரலில்: "மூணு நாள் முன்னாடியே ஆரம்பிச்சிருக்கலாம்."

குறுக்கு விசாரணையின்றி விழுங்கினேன்.

பிப்ரவரி 7

முகத்துல மாஸ்க். 87ங்கறாங்க.

உயில் — ஊருக்கெல்லாம் எழுதிக் குடுத்தேன். எனக்கு எழுதினேனா? இல்ல. அவளுக்கு வீட்டுப் பத்திரம் எங்க இருக்குன்னுகூடத் தெரியாது.

நாலு பக்கத் தாளத் திருத்திக்கிட்டு இருந்தேனே — என்ன மனுஷன் நான்? பயமா இருக்கு.

பிப்ரவரி 9

இரண்டாவது சோதனை முடிவு: இன்ஃப்ளூயன்ஸா. குற்றவாளியின் பெயர் பதிவாயிற்று. 3ஆம் தேதி நான் பெற்ற விடுதலை இத்துடன் ரத்து.

ஆக்ஸிஜனைக் குறைத்திருக்கிறார்கள். 93.

பிப்ரவரி 10

மனைவிக்குக் காய்ச்சல். என்னிடமிருந்துதான், மறுக்க முகாந்திரமில்லை. டாக்டர் சோதனைக்கு எடுத்துக்கொண்டு, கையோடு மாத்திரையையும் நீட்டினார். ஒரு கேள்வி கேட்காமல் விழுங்கினாள்.

பிப்ரவரி 15

வீடு. அவள் நான்கே நாளில் எழுந்துவிட்டாள். நான் படிக்கு ஒருமுறை வாய்தா வாங்கி மாடியேறினேன்.

மார்ச் 24

மறுபடியும் சி.டி. மங்கல் பெரும்பகுதி நீங்கியதாக அறிக்கை. படிவத்தை முழுதும் படித்தேன், திருத்தவில்லை. ஸ்கேன் எடுப்பவர், "உடம்பு சரியில்லையா சார்?" என்றார்.

அலுவலகக் கதவுக்குத் தெளிந்த கண்ணாடி போடச் சொல்லியிருக்கிறேன். உயில் பதிவாகிவிட்டது. வீட்டுப் பத்திரம் இருக்கும் இடத்தை அவளுக்குக் காட்டிவிட்டேன்.

இதனால் உறுதியளிப்பதாவது: காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் செல்வேன். அவர் தரும் மருந்தை உட்கொள்வேன். ஆட்சேபணை இருப்பின் விழுங்கியபின் தெரிவிப்பேன்.

சாட்சிக் கையெழுத்துக்கு மனைவியிடம் நீட்டினேன். இரண்டு முறை படித்தாள். பேனாவை வாங்கி, 'மருத்துவரிடம்' என்பதற்கு முன் 'அன்றே' என்று நுழைத்தாள்.

"ஓரத்துல சின்னக் கையெழுத்துப் போடுங்க. திருத்தினா போடணும்ல?"

போட்டேன்.

எழுதியவன்: (ஒப்பம்)

சாட்சிகள்:
1. மனைவி. படித்துப் பார்த்து, திருத்திய பின்.
2. குமாஸ்தா. மூக்குக் கண்ணாடி மறந்துவிட்டபடியால், அம்மா படித்ததை நம்பி.