கட்டிலுக்கடியில் சீறும் ஒருத்தி

3 மார்ச், செவ்வாய்
காலையிலேயே புழுக்கம். நான் வேலை பார்க்கிற மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் பின்சந்தில் வடிகாலை உடைக்க ஆள் வந்தாச்சு. அங்க குட்டி போட்ட தாய்ப்பூனையை ஒரு வாரமா காணோம். மிச்சம் ஒரே குட்டி. கறுப்பு, எலும்பும் தோலும். பிரேம் வந்த அட்டைப்பெட்டி, ஒரு துண்டு, அரை மணி நேரப் போராட்டம், பிடிச்சாச்சு. கட்டைவிரலில் நல்ல கடி. கிளினிக், ஊசி. ஆனா பெட்டியை விடல.

சிராங்கூன் வீடு வரை டாக்சி. டிரைவர்: "உள்ள என்னக்கா, புலியா?"

வீட்டுக்காரர் வாசலிலேயே மறிச்சார். "ஞாயித்துக்கிழமைக்குள்ள இது போயிடணும்."
"போகாது"ன்னேன். கல்யாணமாகி இருபத்தி நாலு வருஷத்துல அவர்கிட்ட நான் இப்படிச் சொன்னதில்ல. எனக்கே புதுசா கேட்டுச்சு.

மகள் நித்யா மெல்பர்னுக்குப் படிக்கப் போனதிலிருந்து அவ ரூம் சும்மாத்தான் கிடக்கு. அங்க விட்டேன். நேரா கட்டிலுக்கடியில்.

4, புதன்
சாப்பிடல. எட்டிப் பார்த்தா சீறல். இத்தனூண்டு உடம்பில் அவ்வளவு கோபம். பிடிச்சிருக்கு.
வாங்கணும்: பூனை ஒதுங்க மண், தட்டு, குட்டிக்கு டின் சாப்பாடு, கனமான கையுறை.
பூனை டாக்டர் போனில் சொன்னது: முறைச்சுப் பார்க்காதீங்க. தரையில உட்காருங்க. குரல் பழகட்டும். தொட அவசரம் வேணாம்.

5, வியாழன்
வேலை முடிஞ்சு வந்தா தட்டு காலி!!
ஒரு மணி நேரம் தரையில். முட்டி போச்சு. பேப்பரைச் சத்தமா வாசிச்சேன். ராசிபலன், பஸ் மாற்றம், கல்யாண விளம்பரம்.
ஹாலிலிருந்து: "யார்கிட்ட பேசுற?"
"கேக்கிறவகிட்ட."

7, சனி
நித்யா வீடியோ காலில். "என் ரூம்லயா? சூப்பர் லா மா! அப்பா ஓகேவா?"
"இல்ல."
போனை முகத்துக்குக் கிட்ட கொண்டு வந்து என்னைப் பார்த்தா. அப்புறம் சிரிச்சா.
பேர் வெச்சாச்சு. மிளகு.

8, ஞாயிறு
மழை. கடை அரைநாள். வந்தா ரூம் கதவு திறந்து கிடக்கு, வாசல் கதவும். கட்டிலுக்கடியில் யாருமில்ல.
அவர் டிவி பார்த்துக்கிட்டே: "நான்தான் திறந்து விட்டேன். இருக்கணும்னா இருக்கும்."
பதினொரு மாடி. படி படியா இறங்கினேன், ஒவ்வொரு செருப்பு ரேக்குக்கும் குனிஞ்சு குனிஞ்சு. கீழே வரை ஒண்ணுமில்ல. நனைஞ்சு திரும்பி வந்து சமையலறையில் நின்னு அழுதேன். வாஷிங் மெஷினுக்குப் பின்னாலேருந்து ஒரு சீறல்.
போகவேயில்ல இவ.
கையுறை மாட்டி ரூமுக்குக் கொண்டுபோனேன். அப்புறம் ஹாலுக்குப் போய் டிவியை அணைச்சேன். "அந்தக் கதவை இனி தொடாதீங்க."
"பைத்தியமா உனக்கு? ஒரு பூனைக்காகவா?"
"ஆமா, பூனைக்காகத்தான்."
குரல் நடுங்கல.

9, திங்கள்
தேக்கா மார்க்கெட்டில் பூட்டு வாங்கி ரூமுக்குப் போட்டேன். சாவி என் பையில்.
அவர் பேசல. நல்லது. சத்தமில்லாம காப்பி குடிச்சேன்.

12, வியாழன்
நீளமான கரண்டியில் கோழிக் கூழ். நக்கினா! கரண்டியைக் கொஞ்சம் கொஞ்சமா என் பக்கம் இழுத்தேன். வந்தா. மூக்கு என் விரலில் பட்டுச்சு, ஈரமா. பாய்ஞ்சு ஓடிட்டா.
கடையில் ஒருத்தருக்கு இடது கண் பவரை வலதுக்குப் போட்டுட்டேன். திருத்திக் கொடுத்தாச்சு.

15, ஞாயிறு
வெயில். வீட்டுல பூனை வளர்க்க லைசென்ஸ் பாரம் ஆன்லைனில் போட்டேன். உரிமையாளர்: என் பேர் மட்டும்.
பத்து மணிக்கு, பூனை விழாம இருக்க ஜன்னலுக்கு வலை அடிக்கிறவர் வந்தார். டிரில் சத்தம் கேட்டு வீட்டுக்காரர் எழுந்து வந்தார்.
"யாரைக் கேட்டு?"
"யாரையும் கேக்கல."
வலைக்காரர் தலையைக் குனிஞ்சுக்கிட்டு ஆணியைத் தேடினார்.
எல்லாம் அடங்கி ஒரு மணி நேரம் கழிச்சு மிளகு தானா வெளிய வந்தா. ஜன்னல் கட்டையில் ஏறி, வலையை முகர்ந்து, கீழே போற பஸ்ஸைப் பார்த்தா. நான் ஒரு கை தூரத்தில். தொடல.
ஹாலிலிருந்து, "சாப்பாடு?"
"அடுப்புல இருக்கு, போட்டுக்குங்க."
நான் எழுந்திரிக்கல.