ராணியின் இடது கை

என் உயிர் கலைக்கா,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. அதற்குள் உன் படங்களோடு புதுக் கதைப்புத்தகம் வந்துவிட்டது. அதே உருண்டை மூக்கு, அதே காவி நிற வானம். நீ வரையாத உன் படங்கள். உன் பெயர் எங்குமே இல்லை.

பதிப்பகத்துக்காரருக்குப் போன் போட்டேன். அக்காவின் பழைய புத்தகங்களைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்து இதைப் போட வைத்தீர்களா என்று நேராகவே கேட்டேன். புது ஓவியர் வரைந்தது, பாணி யாருக்கும் சொந்தமில்லை என்றார். உன் சாவுக்கு மாலையோடு வந்து மூக்கைச் சிந்தினாரே, அவர்தான். எனக்கு வயிறு எரிந்தது. அதை அணைக்கிற எண்ணமும் இல்லை.

ஒரகடம் கம்பெனியில் சர்க்யூட் போர்டு செய்யும் லைனில் நிற்கும்போது உன் இடது மணிக்கட்டில் ஒரு பட்டையும் சுருள் வயரும் கட்டியிருக்கும். உடம்பில் ஏறும் மின்சாரம் போர்டைப் பாழாக்காமல் இருக்க. ஷிப்ட் முடிந்து வந்து வரையும்போது, கதையில் வரும் அம்மாக்களுக்கும் கைமறதியாய் அதைப் போட்டுவிடுவாய். அழிக்கச் சொன்னால், "இருந்துட்டுப் போவட்டும்டி" என்பாய்.

போன ஞாயிறு பதிப்பகத்துக்காரர் பென்னலூரில் குழந்தைகளைக் கூட்டி அந்தப் புத்தகத்தை வாசித்தார். நான் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். காட்டு ராணியின் படம் வந்ததும் எழுந்தேன்.

"ராணி கைல இன்னா சார் அது?"

வளையல் என்றார். வளையலில் ஏன் வயர் தொங்குகிறது என்றேன். ஓவியரின் கற்பனை என்றார். பாயில் இருந்த ஒரு சிறுமிக்குப் பொறுக்கவில்லை.

"அது வளையல் இல்ல அங்கிள். எங்கம்மா கம்பெனில கட்டிக்கினு வேலை செய்வாங்க. கழட்டனா சூப்பர்வைசர் திட்டுவாரு."

பின்னால் நின்ற அம்மாக்கள் சிரித்துவிட்டார்கள். அது யார் கை என்று அவர்களுக்கு நான் சொன்னேன், உன் பழைய புத்தகங்களையும் விரித்துக் காட்டினேன். அவர் தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தார். பாவமாக இல்லையா என்று நீ கேட்பாய். இல்லைக்கா, இனித்தது.

மறுநாள் அவரே கூப்பிட்டார். அடுத்த பதிப்பில் கடைசிப் பக்கத்தில் உனக்கு ஒரு வரி நன்றி போடுகிறாராம். அட்டையில் பெயர் வேண்டும் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். நான் செய்தது அதிகமா?

அடுத்து வாலாஜாபாத்தில் வாசிக்கப் போகிறாராம், அப்புறம் மறைமலை நகர். அவருக்கு முன்னால் நான் அங்கே இருப்பேன். உன் பையில் கிடந்த பட்டையை என் இடது கையில் கட்டியிருக்கிறேன். அட்டையில் உன் பெயர் ஏறும்வரை கழற்ற மாட்டேன்.

உன் கூடப் பிறந்த,
மாலா