குங்குமத்துக்கு அடியில் இருந்த பலகை

ஏங்க, வண்டிச் சக்கரத்தைத் தட்டித் தட்டியே பாதிக் காதைத் தொலைத்த என் ராசாவுக்கு,

சத்தமாகவே எழுதுகிறேன். அங்கேயாவது கேட்கிறதா? நேற்று நான் ஒருவனை முகத்தில் அடித்தேன். ரத்தம் வந்தது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் முதலில் உங்களைத் திட்டித் தீர்க்க வேண்டும்.

சாந்த்ராகாச்சி ரயில் யார்டில் சரக்கு வண்டி வந்து நின்றால், சக்கரம் சக்கரமாகச் சுத்தியலால் அடித்து, சத்தத்தை வைத்தே விரிசலைக் கண்டுபிடித்தவர் நீங்கள். வேலையை விட்டுவிட்டு, வந்த பணத்தில் செங்கல் ஏற்ற ஒரு பழைய படகு வாங்கப் போகிறேன் என்றபோது நான் பயப்படவே இல்லை. இந்த மனுஷனை எவன் ஏமாற்ற முடியும் என்று இருந்துவிட்டேன்.

எத்தனை படகுகளைப் படாதபாடு படுத்தினீர்கள்! ஆறு வற்றிப் படகு சேற்றில் உட்காரும் நேரம் பார்த்துத்தான் போவீர்கள். மிதக்கிற படகு எல்லாமே அழகுதான் என்பீர்கள். புதுத் தார் பூசியிருந்தால் அங்கேதான் முதல் அடி. பிறகு ஸ்க்ரூடிரைவரால் பலகையைக் குத்துவீர்கள். என்ஜின் சூடாக இருந்தால், நான் வருவதற்கு முன்பே ஏன் ஓட்டி வைத்தாய் என்று விற்கிறவன் சட்டையைப் பிடிப்பீர்கள். ஒரு தடவை கட்டையால் முதுகில் அடிபட்டு வந்தீர்கள். நான் உப்பு ஒத்தடம் கொடுக்கக் கொடுக்கச் சிரித்தீர்கள். "முதுகு போனா போவுது, ஓட்டப் படகு நம்ம தலையில விழலல்லா" என்றீர்கள்.

அப்படிப்பட்டவர், நிமாய் விற்ற அந்தப் படகில் என்ன செய்தீர்கள்? வாலில் தொடங்கிப் பலகை பலகையாக அடித்தீர்கள், குத்தினீர்கள். கடைசியில் முகப்புக்கு வந்தீர்கள். அங்கே அவன் காளிகாட் குங்குமத்தை எண்ணெயில் குழைத்து அகலமாக அப்பி, செம்பருத்தி மாலை போட்டு வைத்திருந்தான். நீங்கள் செருப்பைக் கழற்றினீர்கள். சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுக் கை கூப்பினீர்கள். "அங்கயும் ஒரு குத்து குத்திப் பாருண்ணே" என்ற உங்கள் தம்பி கதிரேசனை, "அம்மா நெத்தியில இரும்ப வைக்கச் சொல்லுதியாலே?" என்று அறையப் போனீர்கள். ஒரு முறம் அகலம்கூட இருக்காது அந்த இடம்.

நிமாய்க்கு நம் தமிழ் ஆட்களை நன்றாகத் தெரியும். நாம் தரகனை நம்ப மாட்டோம், தாரை நம்ப மாட்டோம், குங்குமத்தில் மட்டும் கை வைக்க மாட்டோம்.

கடல் தண்ணீர் சுவராக எழும்பி ஆற்றுக்குள் ஏறி வருமே, அந்தப் பான் வந்த அன்று கரை முழுக்க "பான் ஆஷ்சே!", பான் வருகிறது என்று கத்தியது. நீங்கள் எல்லாவற்றையும் சரியாகவே செய்தீர்கள் என்கிறான், உங்களோடு படகில் இருந்த கதிரேசன். நடு ஆற்றுக்குப் போய் முகப்பை அலைக்கு நேராகத் திருப்பினீர்கள். அலை அந்த முகப்பில்தான் அறைந்தது. பலகை பிளந்தது. செங்கல் அத்தனையும் முன்னால் சரிந்து உங்கள் மேல் விழுந்தது. அவனைத் தண்ணீர் வெளியே வீசியது, உங்களை விடவில்லை. முகம் இல்லாமல்தான் கரைக்கு வந்தீர்கள். மோதிரத்தைப் பார்த்து நான்தான் அடையாளம் சொன்னேன்.

முகப்பின் ஒரு துண்டு சேற்றில் கிடந்தது, குங்குமம் அப்படியே சிவப்பாக. கட்டைவிரலால் அழுத்தினேன். டீயில் ஊறிய ரஸ்க் மாதிரி உள்ளே போனது. உளுத்த மரத்தின் ஓட்டைகளில் மக்கும் தாரும் அடைத்து, அதன்மேல் குங்குமத்தைப் பூசியிருக்கிறான். உங்கள் சுத்தியலோடு அவன் வீட்டுக்குப் போனேன். கதவை உடைத்தேன், ஜன்னலை உடைத்தேன், அடுப்பை உடைத்தேன். அவன் முன்பே ஓடியிருந்தான். அகப்பட்டிருந்தால் இதை ஜெயிலிலிருந்து எழுதிக்கொண்டிருப்பேன். அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

இத்தனை வருஷம் அடுத்தவன் படகில் கூலிக்குப் போன கதிரேசன், இப்போது சொந்தமாக வாங்க வேண்டும் என்கிறான். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். அவனுக்கு வேறு என்ன தொழில் தெரியும்? நேற்று உங்கள் சுத்தியல் பையைத் தூக்கிக்கொண்டு நானும் படித்துறைக்குப் போனேன். விற்கிறவன் பெயர் பரேஷ், சின்ன வயது. கதிரேசன் உங்களைப் போலவே வாலிலிருந்து அடித்துக்கொண்டு வந்தான். முகப்பில் குங்குமம். நின்றுவிட்டான்.

"போதும் மதினி, நல்ல படகுதான்" என்றான். சுத்தியலை என்னிடம் கொடுத்துவிட்டுக் கை கூப்பப் போனான். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது.

"ஏலே, ஒங்க அண்ணன் செத்தது போதாதா?"

முந்தானையால் குங்குமத்தை அழித்தேன். "பௌதி! மாயேர் சிந்தூர்!" என்று கத்தியபடி பரேஷ் பாய்ந்து என் மணிக்கட்டை முறுக்கினான். அண்ணியாம், அம்மனின் குங்குமமாம். என் நெற்றியிலிருந்து அழித்த அன்று யாருங்க இப்படிக் கத்தினார்கள்? விதவை தொட்டுவிட்டாள் என்று பின்னால் ஒருத்தி கூவினாள். யாரோ என் முடியைப் பிடித்து இழுத்தார்கள். சுத்தியல் பிடியால் பரேஷ் முகத்தில் அடித்தேன். உதடு கிழிந்தது. கதிரேசன் துடுப்பைச் சுழற்றி ஆட்களை விலக்கினான். அந்த இடைவெளியில், இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டி ஸ்க்ரூடிரைவரைப் பலகையில் குத்தினேன்.

இறங்கவில்லைங்க.

மறுபடி குத்தினேன், நுனி வளைந்தது. சுத்தியலால் அடித்தேன், கணீரென்றது. நல்ல மரம். அந்தப் பையன் ஏமாற்றுக்காரன் இல்லை.

அப்படியே சேற்றில் உட்கார்ந்து அழுதேன். நீங்கள் போனபோதுகூட அப்படி அழவில்லை. ஒரே ஒரு குத்துத்தானே வேண்டியிருந்தது? அம்மா கோபித்துக்கொண்டிருப்பாளா? கோபம் வந்திருந்தாலும், இத்தனை வருஷமாக எனக்கு உங்கள் மேல் இருக்கிற கோபத்தைவிடவா?

பரேஷிடம் உங்கள் கதையைச் சொன்னேன். ரத்தத்தைத் துப்பிவிட்டு, "ஆகே போல்லேன் நா கேனோ?" என்றான். முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்று. பிறகு குங்கும டப்பாவை என் பக்கம் நீட்டினான். அழித்தது நீங்கள், வைப்பதும் நீங்களே என்றான். கூட்டம் முணுமுணுத்தது. நான் வைத்தேன், கட்டைவிரல் அகலத்துக்கு மட்டும். அதற்கு அடியில் எவனும் எதையும் ஒளிக்க முடியாது.

கதிரேசன் அந்தப் படகையே வாங்கிவிட்டான். இனி வருஷா வருஷம், கருவிகளைக் கும்பிடுகிற விஸ்வகர்மா பூஜைக்கு நானே போய் அந்தப் பொட்டை அழிப்பேன். அந்த இடத்தில் குத்திப் பார்ப்பேன். இரும்பு இறங்காவிட்டால்தான் மறுபடி வைப்பேன், அதன் பிறகுதான் கும்பிடுவேன். உங்கள் தம்பியை மோதிரத்தை வைத்து அடையாளம் காட்ட மாட்டேன். இது சத்தியம்.

கோபம் தீராத
உங்கள் பெண்டாட்டி,
செல்லம்மா