மஞ்சள் கையுறையும் கோடு போட்ட அட்டையும்

பிப்ரவரி 3

எங்கள் ஆராய்ச்சிக் கட்டடத்தில் மூன்று தளம். கீழே பேட்டரிக்காரர் ஏதோ கரும்பொடியை அரைத்து, அதற்குள் மின்சாரத்தைப் பிடித்து அடைக்கிறார். மேலே ஆபரேஷன் டாக்டர் ரப்பர் வயிறுகளைக் கிழித்துக் கிழித்துத் தைத்து இளம் டாக்டர்களுக்குச் சொல்லித் தருகிறார். நடுவில் மீன்கள். மீன்களோடு நான். ஆக, கட்டடமே என் தோளில்தான் நிற்கிறது என்று சொன்னால் மிகையில்லை.

சம்பளச் சீட்டில் என் வேலைக்குப் பெயர் தொட்டி உதவியாளர். வீட்டில் இணை ஆராய்ச்சியாளர் என்று சொல்லி வைத்திருக்கிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைத் தாங்க முடியாமல் விட்டுவிட்டது. அதனால் என்ன? படித்தவர்கள் எல்லாம் இப்போது என்னைக் கேட்டுத்தான் லைட்டையே போடுகிறார்கள். (ஸ்விட்ச் என் நாற்காலிக்குப் பின்னால் இருக்கிறது.)

பிப்ரவரி 5

மீன் ஆராய்ச்சி செய்வது என் தங்கை மகள், எனக்கு மருமகள் முறை. டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறாள். மீனுக்குப் படம் பார்த்துப் படிக்க வருமா என்பது அவள் கேள்வி. நீளத் தொட்டி, கடைசியில் இரண்டு வாசல். ஒன்றில் கோடு போட்ட அட்டை, இன்னொன்றில் வெறும் அட்டை. கோடு இருக்கும் வாசலுக்குப் போனால் தீனி. அட்டையை இடமும் வலமுமாக மாற்றி மாற்றி வைப்பேன். மீன் கோட்டைப் பார்த்துத்தான் போக வேண்டும்.

போகிறது! பத்துக்குப் பத்து! இப்படி ஒரு மார்க்கை என் பரம்பரையிலேயே யாரும் வாங்கியதில்லை.

முதலிடம் தளபதிக்கு. வால் கொஞ்சம் கிழிந்த மீன். நான் மஞ்சள் கையுறை மாட்டும்போதே கண்ணாடிக்கு ஓடிவந்து சல்யூட் அடிக்கிறான்.

பிப்ரவரி 6

பக்கத்து வீட்டுக்காரர் மீன் எவ்வளவு பெரிது என்றார். முழங்கையைக் காட்டினேன். அவர் வாயைப் பிளந்ததும் தோள்வரை ஏற்றிவிட்டேன். பின்னால் என் மனைவி துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். “சுண்டுவிரல் நீளம்ங்க, நான் போய்ப் பார்த்தேன்” என்று போட்டு உடைத்துவிட்டாள்.

வளர்கிற மீன் என்று சமாளித்தேன்.

பிப்ரவரி 10

இன்று என் மருமகள் பெரிய பேராசிரியர் முன்னால் திரையில் படம் போட்டுக் காட்டினாள். நான் கடைசி வரிசையில், இஸ்திரி போட்ட சட்டையில். பெரியவர் சாதாரணமாகச் சிரிக்கிற ஆள் இல்லை. இன்று மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடி துடைத்தால் மகிழ்ச்சியாம். இந்த ஆண்டே பட்டம் வாங்கிவிடலாம் என்றார்.

வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, “மாமா, இது போச்சுன்னா எனக்கு வேற ஒண்ணுமில்ல மாமா. அஞ்சு வருஷம் இதுக்குத்தான் போட்டேன்” என்றாள்.

“நான் இருக்கேன்ல?” என்றேன்.

பிப்ரவரி 13

இடுப்புக்குக் கீழே வீக்கம் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். குடலிறக்கமாம். ஆபரேஷன் வேண்டுமாம். எங்கள் மேல்தள டாக்டரே செய்வார். ரப்பர் வயிற்றையே பார்த்துச் சலித்துப்போனவருக்கு நல்ல வயிறு ஒன்று கிடைத்ததில் சந்தோஷம் இருக்கும்.

மாலையில் போன் செய்தால் மருமகள் குரலே சரியில்லை. வேறொரு பெண்ணை வைத்து அட்டை மாற்றினாளாம். மீன்கள் பாதி அங்கே, பாதி இங்கே. தளபதி நட்ட நடுவில் நின்றுவிட்டானாம்.

பிப்ரவரி 14

போய் நின்றேன். பத்துக்குப் பத்து. கை ராசி என்று சும்மாவா சொல்கிறார்கள்!

பிப்ரவரி 18

மீன்களைப் படம் பிடிக்கிற கேமராவின் பேட்டரி கொஞ்ச நேரத்தில் உயிரை விட்டுவிடுகிறது. கீழ்த்தளத்துக்குப் போய்ப் பேட்டரிக்காரரிடம், “உங்க புது செல்லை எங்க கேமராவுல போட்டுப் பாருங்களேன். நாள் பூரா ஓடினா உங்களுக்கும் பேரு, எங்களுக்கும் படம்” என்றேன். அவர் முகமெல்லாம் கரும்பொடி. பல் மட்டும் தெரியச் சிரித்து, செல்லைக் கையில் கொடுத்துவிட்டார்.

மின்சார ஆராய்ச்சிக்கும் நான்தான் வழி காட்ட வேண்டியிருக்கிறது.

பிப்ரவரி 21

செல் நாள் முழுக்க ஓடுகிறது. என் யோசனை.

பிப்ரவரி 23

நாளை ஆபரேஷன். எனக்குப் பயமா? மயக்க மருந்தே வேண்டாம், நான் பேசிக்கொண்டே இருக்கிறேன், நீங்கள் பாட்டுக்கு வெட்டுங்கள் என்று டாக்டரிடம் சொல்வதாக இருக்கிறேன். பக்கத்து வீட்டில் சொல்லியும் விட்டேன்.

பிப்ரவரி 25

படுத்துக்கொண்டு எழுதுகிறேன். சிரித்தால் தையல் இழுக்கிறது. சிரிக்கிற நிலைமையும் இல்லை.

நேற்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். உள்ளே கொண்டுபோகும் முன் டாக்டர் பேனாவோடு வந்தார். மனைவியும் மருமகளும் பக்கத்தில். “எந்தப் பக்கம் ஆபரேஷன், நீங்களே சொல்லுங்க” என்றார். வயிற்றை வைத்திருப்பது நான், படித்தவர் அவர், என்னைக் கேட்கிறாரே என்று அவர் கையைப் பார்த்தேன். அவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“என் கையைப் பாக்காதீங்க. நான் கையை அசைச்சா நீங்க அந்தப் பக்கத்தையே சொல்லிடுவீங்க. அதுக்குத்தான் கட்டிக்கிட்டு நிக்கிறேன்.”

எனக்கு ஒரே குஷி. “எங்க மீனும் அச்சு அசல் இப்படித்தான் டாக்டர்! பாவம், நடுவுல வந்து முழிக்கும். நான் சரியான பக்கம் கண்ணாடியில மஞ்சக் கையை வச்சு, வா கண்ணு வான்னு தைரியம் குடுப்பேன். உடனே ஜோரா போயிடும். இல்லேன்னா அதுங்க எங்க பாஸ் பண்றது?”

டாக்டர் என்னைப் பார்க்கவில்லை. மருமகளைப் பார்த்தார். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

நான் “வலது பக்கம்” என்றேன். அம்புக்குறி போட்டார். தள்ளிக்கொண்டு போனார்கள். (ஊசியைப் பார்த்ததும் கண்ணை மூடினேன் என்று மனைவி சொல்லித் திரிகிறாள். சிந்தித்துக்கொண்டிருந்தேன்.)

கண் விழித்தபோது மருமகள் இல்லை. பழம் வாங்கப் போயிருப்பாள் என்று நினைத்தேன்.

பிப்ரவரி 26

வந்தாள். பழம் இல்லை. போனில் படம் இருந்தது. பேட்டரிக்காரர் செல்லின் புண்ணியத்தில் காலை முதல் மாலை வரை ஓடிய படம். ஓரத்தில், ஒவ்வொரு முறையும், கோடு போட்ட அட்டை எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் ஒரு மஞ்சள் கை. மீன் கோட்டைப் பார்க்கவே இல்லை. தினமும் தீனி போடுகிற கையைப் பார்த்துப் போகிறது. என் தளபதி படிக்கவே இல்லை. காப்பி அடித்திருக்கிறான். நான் அடிக்க விட்டிருக்கிறேன்.

“யாருக்குத் தெரியப் போகுது கண்ணு? நானும் சொல்ல மாட்டேன். மீனும் சொல்லாது” என்றேன்.

“எனக்குத் தெரியுமே மாமா.”

போனைப் பைக்குள் வைத்தாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். போகும்போது போர்வையை இழுத்துவிட்டுப் போனாள். அதுதான்... என்ன மனுஷன்யா நான்? நல்லது பண்றேன்னு நெனச்சு புள்ளையோட அஞ்சு வருஷத்துல கைய வச்சுட்டேனே.

பிப்ரவரி 28

பெரியவரிடம் அவளே போய்ச் சொல்லிவிட்டாள். காட்டியது எல்லாம் தப்பு, திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்று. அவர் கண்ணாடியைத் துடைக்கவில்லையாம். ஜூன் முடியும்வரை அவகாசம் தந்தாராம். புது மீன், புதுக் கணக்கு. அதற்குள் ஒன்றும் வரவில்லையென்றால் வேறு வேலை பார்த்துக்கொள்ள வேண்டியதுதான் என்றாராம்.

மனைவி கஞ்சியை வைத்துவிட்டுச் சொன்னாள்: “வாயால கெட்டது ஊர்ல உண்டு. கையால கெடுத்தது நீங்கதான்.”

மறுத்துப் பேசத் தோன்றவில்லை. தையல் காரணமாக இருக்கலாம்.

மார்ச் 17

வேலைக்குத் திரும்பினேன். படியேறும்போது பேட்டரிக்காரர் மறித்தார். “அண்ணே, என் செல்லு அவ்வளவு நேரம் ஓடினது நெசந்தானா? நீங்க பக்கத்துல நின்னு தைரியம் குடுக்கலையே?”

எல்லா மாடிக்கும் தெரிந்துவிட்டது.

தொட்டியைச் சுற்றிக் கறுப்புத் திரை. தீனி போட ஒரு இயந்திரம். வேலைக்கு வேறு ஆள் போட்டிருப்பாள், என்னைத் தரை துடைக்கத் தள்ளிவிடுவாள் என்றுதான் போனேன். அவள் ஒரு நாற்காலியைக் காட்டினாள். எதிரே கேமராப் படம்.

“மீன் எந்தப் பக்கம் போகுதுன்னு நீங்க எழுதணும் மாமா.”

“நானா? என்னை நம்பியா?”

“எந்தப் பக்கம் கோடுன்னு உங்களுக்குத் தெரியாது. படத்துல அட்டையை மறைச்சிருக்கேன். பாத்ததை மட்டும் எழுதுங்க. பாக்காததை வீட்டுல போய்ச் சொல்லிக்கோங்க.”

மார்ச் 20

பார்த்ததை மட்டும் எழுதுவது எவ்வளவு கஷ்டமான வேலை! இதற்கே தனிப் பட்டம் கொடுக்கலாம். இன்று ஒரு மீன் இடது வாசலுக்குக் கம்பீரமாக, ஒரு தீர்மானத்தோடு போனது. ‘இடது’ என்று மட்டும் எழுதினேன். கம்பீரத்துக்குக் கட்டம் இல்லை.

ஏப்ரல் 9

பாதிக்குப் பாதி. கண்ணை மூடிக்கொண்டு போனாலும் பாதி சரியாக வரும் என்கிறாள். அப்படியென்றால் இதுவரை ஒன்றும் படிக்கவில்லை.

மே 2

அதே பாதி. மருமகள் மதியம் சாப்பிடவில்லை. நானும் சாப்பிடவில்லை, சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன்.

மே 21

மாலையில் கணக்கைப் பார்த்துவிட்டு வந்தாள். முகத்தை வைத்து ஒன்றும் தெரியவில்லை. “பத்துல ஆறுக்கு மேல வருது மாமா. இந்த வாரம் பூரா.” உட்கார்ந்த இடத்திலேயே எனக்குத் தலை கூரையில் இடித்தது.

ஜூன் 11

இன்று பெரியவர் நேரில் வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். புது மீன்களோடு தளபதியையும் விடச் சொன்னாராம். மஞ்சள் கையை மறந்து அவனும் மூன்று மாதமாகப் படிக்கிறான்.

திரைக்குப் பின்னால் இருக்கும் என்னை அவனுக்குத் தெரியாது. இருந்தாலும் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டேன். தளபதி நடுவில் வந்து நின்றான். கிழிந்த வால் ஆடுகிறது. வா கண்ணு என்று தொண்டைவரை வந்துவிட்டது. விழுங்கினேன். போனான். வலது.

ஒரு கையை உருவி ‘வலது’ என்று எழுதினேன்.

எல்லாம் முடிந்து மருமகள் சரிபார்த்தாள். அந்த முறை கோடு இடது பக்கமாம். தளபதி தப்பு. ஆனால் மொத்தத்தில் பத்துக்கு ஏழு. புது மீன்களும் அவ்வளவே. பின்னால் திரும்பிப் பார்த்தேன். பெரியவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மாலையில் பக்கத்து வீட்டுக்காரர், “என்ன, உங்க மீனு பாஸா?” என்றார். மனைவி கொடியில் துணியோடு அப்படியே நின்றாள்.

“ஏழு” என்றேன். “பத்துக்கு.”

எவ்வளவு பெரிய மீன் அது என்று மறுபடியும் கேட்டார். சுண்டுவிரலைக் காட்டினேன்.