தோல் கிடங்கில் ஒரு நாடக மேடை

பாய்,

நேற்று சாயங்காலம் ஆம்பூரில் நல்ல மழை. இன்று காலை சங்கத்தின் கூடத்தைத் திறந்ததும் சுவரிலிருந்து, தோல் பதனிடப் போட்ட ஆவாரம்பட்டையின் வாசனை கிளம்பியது. மூன்று முறை வெள்ளையடித்தும் போகவில்லை. புதிதாக வந்து சேர்ந்த நடிகர் ஒருவர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இன்னா சார் நாத்தம் இது?" என்று கேட்டார். நான் ஜன்னல்களைத் திறந்துவிட்டேன். உங்கள் சட்டையில் எப்போதும் இருந்த வாசனை அது. அதை முகர்ந்தபின் வேறு வேலை ஓடவில்லை. உங்களுக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் நாடகக் கம்பெனி இந்த ஊரில் கலைந்தபோது எனக்கு விஷக்காய்ச்சல். மற்றவர்கள் கிடைத்த ரயிலில் போய்விட்டார்கள். கொட்டகை ஓரத்தில் ஆர்மோனியத்தோடு கிடந்த என்னை, தினமும் முன்வரிசையில் உட்கார்ந்து நாடகம் பார்த்த நீங்கள்தான் வண்டி வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனீர்கள். எழுந்து நடக்கும்வரை உங்கள் வீட்டுக் கஞ்சிதான். எங்கள் ராஜபார்ட் அதே மாதம் வாணியம்பாடியில் ஒரு சத்திரத்தில் கேட்பாரில்லாமல் செத்துப்போனார் என்று சேதி வந்தபோது அழுதேன். நீங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தீர்கள். பிறகு, "எங்க தாத்தா கட்டின தோல் கிடங்கு சும்மாதான கெடக்குது. படுக்க எடமில்லாத நடிகருங்க அங்க வந்து படுக்கட்டும்" என்றீர்கள். நம் சங்கம் அப்படித்தான் தொடங்கியது.

உங்கள் தோல் தொழிலுக்குப் பாலாற்றங்கரையில் புதுக் கட்டடம் வந்தபின் பல வருஷம் பூட்டிக் கிடந்த இடம். கூரையில் அரசஞ்செடி. உள்ளே வௌவால். சங்கத்துக் கமிட்டியார் பாதிப் பேர், இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்றார்கள். நீங்கள் சுவரில் உள்ளங்கையை வைத்தபடி, "இது இன்னும் ரெண்டு தலமுறைக்கு நிக்கும், சாமி. கூரையை மட்டும் மாத்துவோம்" என்றீர்கள். ஆலங்காயத்திலிருந்து மரம் வந்தது. ஐம்பது வயதில் சாரத்தில் ஏறி நின்று ஒவ்வொரு உத்தரத்தையும் தட்டிப் பார்த்தீர்கள். நான் கீழே நின்று சாரத்தின் காலைப் பிடித்துக்கொண்டேன்.

அந்த நாட்களில் முனியன் வாசலுக்கு வெளியே வந்து நிற்பான். அதே கிடங்கில் முப்பது வருஷம் தோல் ஊறவைத்தவன். சுண்ணாம்பு தின்ற விரல்கள். உள்ளே கூப்பிட்டால் வரமாட்டான். மேடைக்கு இடம் குறித்த அன்று வெளியிலிருந்தே சொன்னான்: "அங்க வேணாங்க. கீழ தோல் ஊறப்போட்ட பழைய குழி இருக்குது. பலகை போட்டு மண்ணு மூடிக் கெடக்குது."

மேஸ்திரி சிரித்தார். நீங்கள் சிரிக்கவில்லை. கடப்பாரையால் குத்தச் சொன்னீர்கள். மூன்றாவது குத்திலேயே தரை உள்ளே சரிந்தது. ஆள் உயரக் குழி. அதை நிரப்பவே நான்கு நாளாயிற்று. அந்த நான்கு நாளும் முனியன்தான் உள்ளே இறங்கிக் கல்லடுக்கினான்.

திறப்பு விழாவுக்கு அவனும் மனைவியும், அவனோடு வேலை செய்தவர்களும் துவைத்த வேட்டி சேலையில் வந்தார்கள். அவர்களுக்குக் கமிட்டியார் முற்றத்தில் இடம் ஒதுக்கியிருந்தார்கள். உள்ளே உட்கார்ந்தால் பெரிய மனிதர்கள் எழுந்து போய்விடுவார்களாம். கட்டடத்தைச் சங்கத்தின் பேருக்கு எழுதிக் கொடுத்துவிட்டதால், கூடாது என்று நீங்கள் சொன்னதும் கமிட்டியில் பத்துப் பேச்சில் ஒன்றாகிவிட்டது.

நான் மேடையில் ஆர்மோனியத்தில் கடவுள் வாழ்த்து வாசித்துக்கொண்டிருந்தேன். முன்வரிசை நாற்காலியிலிருந்து நீங்கள் எழுந்து போனதையும், வெளியே முனியன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்ததையும் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பார்த்தும் என் விரல்கள் நிற்கவில்லை, பாய். முழு நாடகத்துக்கும் வாசித்தேன்.

முடிந்ததும் ஓடிவந்து, "ஏன் பாய் வெளிய வந்துட்டீங்க?" என்றேன்.

"இங்க நல்லா காத்து வருது, தோஸ்த்."

கொஞ்ச தூரம் நடந்தபின், என் முகத்தைப் பார்க்காமல் சொன்னீர்கள்: "முனியனுக்கு மேடை தெரியல. பாட்டு மட்டுந்தான் கேட்டுச்சு."

என்மேல் கோபப்பட்டிருக்கலாம். படவில்லை. அடுத்த வாரம் நானே கமிட்டியில் எழுந்து, முனியனும் அவன் ஆட்களும் உள்ளே உட்காராத நாடகத்துக்கு வாசிக்கமாட்டேன் என்று சொன்னேன். வேலூரிலிருந்து வேறு ஆர்மோனியக்காரரை வரவழைத்தார்கள். அதற்குள் நெஞ்சுவலி வந்து படுத்திருந்த உங்களிடம் வந்து இதைச் சொன்னபோது, "உங்களுக்கு எதுக்கு இந்த பேஜார்?" என்று கேட்டீர்கள். கேட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். உங்கள் மகன் மருந்து கொண்டுவந்து நின்றபோதும் விடவில்லை. எட்டாம் நாள் உங்களைக் கபர்ஸ்தானுக்குத் தூக்கிப்போனோம். என் தோளையும் கொடுத்தேன்.

வேறு ஆளை வைத்து இரண்டு நாடகம் நடந்தது. மூன்றாவதற்கு, கிடங்கில் தங்கியிருந்த நம் கிழட்டு நடிகர்கள் வேஷம் கட்ட மறுத்துவிட்டார்கள். வேஷமில்லாமல் நாடகம் ஏது? கமிட்டியார் இறங்கி வந்தார்கள். நாலைந்து பெரிய மனிதர்கள் எழுந்துதான் போனார்கள். மற்றவர்கள் இருந்தார்கள். முனியன் மேடைக்கு நேர் எதிரே உட்கார்ந்து, கோமாளி வந்தபோது வாய்விட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கேட்க நீங்கள் இல்லை. அதுதான் இன்றும் தாங்கவில்லை.

எனக்கு இப்போது ஒரு பழக்கம் ஏற்பட்டிருக்கிறது, பாய். நாடகம் தொடங்குமுன் வாசல்வரை போய்ப் பார்க்கிறேன். யாராவது உள்ளே வரத் தயங்கி நின்றால் கையைப் பிடித்து அழைத்துவந்து உட்காரவைக்கிறேன். அதன்பிறகுதான் வாசிக்கப் போகிறேன்.