கவுன்சிலர் வீட்டில் அம்மா சிரித்தாள்

அன்புள்ள ஓடிப்போன அக்காவுக்கு,

நீ போனதிலிருந்து அம்மா சிரிக்கவே இல்லை. டாக்டர், "மனசுவிட்டுப் பேசணும், கவுன்சிலரைப் பாருங்க" என்றார். அப்பா எங்களை நேராக வார்டு கவுன்சிலர் வீட்டுக்கே கூட்டிப்போய்விட்டார்!

"என்னங்கம்மா, தண்ணி வரலீங்களா?" என்றார் கவுன்சிலர்.

"கண்ணுல வருதுங்க, நிக்கவே மாட்டேங்குது" என்றாள் அம்மா. சொன்னதும் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது, அக்கா! வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்பா முழித்த முழிக்குத் தனி வார்டே ஒதுக்கலாம்.

நாளை தருமபுரியில் அசல் கவுன்சிலரைப் பார்க்கப் போகிறோம்.

கவுன்சிலர் வீட்டிலிருந்து திரும்பும் வழியில் அம்மா கேட்டாள்: "டேய், இத அவகிட்டச் சொல்லுவியா?"

அப்பா திட்டவில்லை. காது கேட்காதவர் மாதிரி நடந்தார்.

இதோ, சொல்லிவிட்டேன். நீ இருக்கும் ஓசூரிலிருந்து நம்ம மாரண்டஹள்ளிக்கு நிறைய பஸ் இருக்கிறது. மாமாவையும் கூட்டி வா.

இப்படிக்கு,
நம்ம வூட்டு வால்