பெரம்பூர் வீட்டில் மாட்டியிருக்கும் என் சிரிப்பு

பிரியமுள்ள ரோசியப்பாவுக்கு,

நீங்கள் பேசி முடித்துவிட்டுப் போன கல்யாணம் நல்லபடியாக நடந்தது. ராயபுரம் கோயிலில் பூசை வைத்து, பெரம்பூர் ரயில்வே பட்டறை மாப்பிள்ளை நம் ரோசிக்குத் தாலி கட்டினார். துறைமுகத்தில் மூட்டை சரிந்து நீங்கள் போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை. தள்ளிப் போடலாமே என்றேன். "என் தம்பி குடுத்த வாக்கு" என்று உங்கள் அக்காதான் பிடிவாதமாக நாள் குறித்தார்கள்.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது இதற்காக இல்லை.

பூசை முடிந்ததும் ஸ்டூடியோக்காரர் எல்லோரையும் கோயில் படியில் வரிசையாக நிறுத்தினார். "அசையாதீங்க, மூச்சு வுடாதீங்க" என்று அதட்டினார். வெள்ளைப் புடவையோடு அந்த வரிசையில் நிற்க எனக்கு மனம் வரவில்லை. பந்திப் பக்கம் போய்விட்டேன். யாரும் தேடவில்லை.

மாப்பிள்ளையோடு பட்டறையில் வேலை செய்கிற காசிம் என்று ஒருவர், வண்ணாரப்பேட்டைக்காரர், கழுத்தில் சின்னக் கேமராவை மாட்டிக்கொண்டு சுற்றினார். யாரையும் நிற்கச் சொல்லவில்லை, பார்க்கச் சொல்லவில்லை. அவர் படம் எடுக்கிறார் என்றே பாதிப் பேருக்குத் தெரியாது.

பந்தியில் உங்கள் தம்பி சவரி, இரவல் வாங்கின பூட்ஸைக் கழற்ற முடியாமல் தவித்துக்கொண்டிருந்தார். இரண்டு பேர் ஆளுக்கொரு காலைப் பிடித்து இழுத்தார்கள். "மெதுவா இழுங்கடா. பூட்ஸோட காலும் வந்துடப் போவுது, அப்புறம் இன்னாத்த வெச்சிகினு வூட்டுக்குப் போவேன்?" என்றார்.

நான் சிரித்துவிட்டேன், ரோசியப்பா. கையில் குழம்பு வாளியோடு, வாய் விட்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். அந்த நேரம் நீங்கள் செத்துப்போனது எனக்கு ஞாபகத்திலேயே இல்லை. எப்படி இல்லாமல் போயிற்று?

காசிம் அதைப் படம் பிடித்திருக்கிறார். படங்கள் கழுவி வந்த அன்று உங்கள் அக்கா அதைக் கையில் வைத்துப் பார்த்தார்கள். "என் தம்பி மண்ணு காயல. இவ பல்லக் காட்டிகினு கீறா" என்றார்கள். அவர்கள் சொல்வதற்கு முன்னாலேயே எனக்குள் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது.

காசிமைத் தனியாகக் கூப்பிட்டுப் படத்தைக் கையில் கொடுத்து, "கிழிச்சிப் போட்டுடு தம்பி" என்று கேட்டேன். தயங்கினார்.

"கிழிச்சிடறேம்மா. ஆனா நில்லுன்னு சொல்லி எடுத்தா எல்லாருக்கும் ஒரே மூஞ்சிதான் வருது. இதுல நீங்க நீங்களா கீறீங்க."

அதற்குள் ரோசி வந்து படத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை பெரம்பூருக்கு, ரோசி வீட்டுக்குப் போனேன். ஸ்டூடியோ படம் பெட்டிக்குள் கிடக்கிறது. சுவரில் நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன். அவள் அடுப்படிக்குப் போன நேரம் பார்த்துப் படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினேன். திரும்பி வந்தவள் அதை நேராக்கினாள். காப்பி டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் வாயைத் திறந்தாள்.

"அந்த வரிசைப் போட்டோவுல நீ எங்கம்மா கீற? அப்பா போனதுலேர்ந்து நீ சிரிச்சி நான் பாக்கல. கல்யாணத்தன்னிக்கும் நான் உள்ள உக்காந்துகினு இருந்தேன், பாக்கல. இதுலதான் பாத்தேன்."

நான் அழுதேன். அவளும் அழுதாள். படத்தை மறுபடி திருப்பி வைக்க எனக்குக் கை வரவில்லை.

ஆனாலும் நெஞ்சு உறுத்துகிறது. தட்டில் சோறு போடும்போது உறுத்துகிறது, செபமாலை சொல்லும்போது உறுத்துகிறது. உங்களை அவ்வளவு சீக்கிரம் மறக்க முடிந்தவளா நான்? பூட்ஸ் கூத்தைப் பார்த்திருந்தால் நீங்களும் விழுந்து விழுந்து சிரித்திருப்பீர்கள் என்று எனக்கே சொல்லிக்கொள்கிறேன். அது சமாதானமா, சாக்கா?

ரோசி முழுகாமல் இருக்கிறாள். உங்களுக்குத்தான் முதலில் சொல்கிறேன், உங்கள் அக்காவுக்குக்கூட இன்னும் தெரியாது.

கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவர்த்தியோடு அந்தப் படத்தையும் கொண்டு வருகிறேன். முந்தானைக்குள் மறைக்க மாட்டேன். நீங்களே பார்த்துச் சொல்லுங்கள். கோபித்துக்கொண்டாலும் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன்.

என்றும் உங்கள் வீட்டுக்காரி,
ரோசியம்மா